விதையும் விலங்கும்

முக்கூடற் பள்ளினைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மாணவர்தம் கவனத்தை ஈர்ப்பது அரிதன்று. அந்நூலில் அடுக்கிச் சொல்லப்படும் நெல்வகைகளின் பெயர்களை வரிசையாக எடுத்துரைத்தாலே போதும். பொருநை ஆறும் சிற்றாறும் கலக்கும் முக்கூடற் பகுதியின் உழவு வாழ்வைப் பாடும் அந்தச் சிற்றிலக்கியம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. பெருகிவரும் வெள்ளம், அவ்வெள்ளத்தில் துள்ளும் மீன்கள், உழவுக்குரிய மாடுகள், விதைக்குரிய நெல்வகைகள் என ஒரு நாட்டுப்புறத்தின் செல்வமெல்லாம் அதில் திரட்டி வைக்கப்பட்டுள்ளது. தமிழர்தம் உழவு மரபுக்குச் சான்று தேடுவோர் அந்நூலை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை.

ஆயினும் அதே நூலில் வேறொரு காட்சியும் உண்டு. வேலையில் தவறினான் என்னும் குற்றச்சாட்டின்மேல் உழவனாகிய பள்ளன் பண்ணைக்காரனால் தொழுமரத்தில் மாட்டப்படுகிறான். தொழுமரம் என்பது துளையிட்ட மரத்தில் காலைப் பூட்டி வைக்கும் தண்டனைக் கருவி. அவனுடைய மூத்த மனைவி மன்றாடிய பின்னரே அவன் விடுதலை பெறுகிறான். இப்பகுதியை நகைச்சுவை என்று கருதிப் படித்துவிட்டுக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. நெல்லின் பெயர்களை அறிந்திருந்த நாவும் தொழுமரத்தில் பூட்டப்பட்ட காலும் ஒரே மனிதனுக்கு உரியவை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கிராமத்தின் உழவு மரபைப் பேணிக் காக்க வேண்டும் என்னும் குரல் இன்று பல திசைகளிலும் கேட்கிறது. அது நல்ல குரலே. ஆனால், எதைக் காப்பது என்று வினவும்போது மறுமொழி எளிதாக வருவதில்லை. விதையை எடுத்துக்கொண்டு விலங்கை விட்டுவிட முடியுமா? முடியுமெனில், எது விதை, எது விலங்கு என்று பிரித்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? மரபு என்னும் சொல்லை மதிப்போர் இவ்விரு வினாக்களுக்கும் முகங்கொடுத்தே ஆக வேண்டும்.

கடைமடையின் செல்வம்

பள்ளு பாடுவது பொருநைக் கரையை. எனினும், அது காட்டும் இரு பக்கங்களையும் அண்மைக் கால வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டும் நிலம் காவிரியின் கடைமடைப் பகுதியாகும். பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அது, இன்று திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. காவிரி நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து, கடலை நெருங்கி ஓய்ந்து போகும் இடம் அது. தண்ணீர் வந்தால் மிகுதியாக வரும். வராவிட்டால் வயல் வெடிக்கும். கடலோரத்தில் உப்பு ஏறும்; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலும் வெள்ளமும் சூழும். இத்தகைய நிலத்தில் நெல் விளைவிப்பது, இயற்கையோடு நாள்தோறும் நடத்தும் பேச்சுவார்த்தை போன்றது.

அப்பேச்சுவார்த்தையின் முடிவுகள்தாம் அப்பகுதியின் பழைய நெல்வகைகள். மடுமுழுங்கி வெள்ளம் சூழ்ந்த தாழ்நிலத்தைத் தாங்குவது. குழியடிச்சான் உவர்நிலத்திலும் விளைவது. காட்டுயானம் ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து, வறட்சியையும் வெள்ளத்தையும் பொறுப்பது. வேதாரணியம் பக்கத்தில் குடவாழை என்னும் செந்நெல் கடலோர மண்ணுக்கு ஏற்றதாக விளங்கியது. மாப்பிள்ளைச் சம்பா ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு மேல் வயலில் நின்று விளையும் நெடுங்காலப் பயிர். இவற்றை வெறும் பெயர்கள் என்று எண்ணுதல் தவறு. எந்த மண்ணுக்கு எந்த நெல், எந்தப் பருவத்துக்கு எந்த நாற்று என்று பல தலைமுறைகள் பட்டறிந்து தேறிய அறிவு ஒவ்வொரு பெயரிலும் அடங்கியுள்ளது.

இந்த அறிவின் பயன் அண்மையிலும் வெளிப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரை வயல்களில் உப்பு நீரைக் கொண்டுவந்து கொட்டியது. அந்நிலங்களை மீட்கும் முயற்சியில் ஈடுபட்டவர்களுள் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் குறிப்பிடத்தக்கவர். 1938-இல் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த அவர், அரசு வேளாண் ஆய்வுப் பண்ணையில் பணியாற்றிப் பின்னர் அதை விட்டு விலகி, 2013-இல் மறையும் வரை உழவர்களிடையே உழைத்தவர். உவரைத் தாங்கும் பழைய நெல்வகைகள் அந்த மீட்பு வேலையில் மீண்டும் நினைவுகூரப்பட்டன. மூதாதையர் விட்டுச் சென்ற ஒரு பிடி நெல், பேரிடரின் மறுநாள் பேரர்களுக்குக் கைகொடுக்க வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நெல்லோடு கூடவே வாழ்ந்த பழக்கங்களும் பல. சித்திரையில் நல்லேர் பூட்டுதல், ஆடிப் பெருக்கில் ஆற்றை வழிபடுதல், நடவுக் காலத்தில் பெண்கள் குனிந்து நின்று பாடிய பாட்டுகள், வைக்கோல் பிரியால் கட்டிய விதைக்கோட்டை, நெல்லைச் சேமித்த குதிரும் பத்தாயமும், மரக்கால் கொண்டு அளந்த களத்துமேடு ஆகியவை அவ்வாழ்வின் உறுப்புகள். இவற்றைப் பற்றிப் பேசும்போது முதியோர் குரல் கனிவதும் இளையோர் உள்ளம் ஏங்குவதும் இயல்பே.

அதே மண்ணின் மறுபக்கம்

ஆனால், அந்தக் களத்துமேட்டில் நின்றவர் அனைவரும் ஒரே நிலையில் நின்றவர் அல்லர். கிழக்குத் தஞ்சையின் நிலம் பெருநிலக்கிழார், மடங்கள், கோவில்கள் ஆகியோர் கையில் குவிந்திருந்தது. அந்நிலத்தை உழுதவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களாகிய பண்ணையாட்கள். பட்ட கடனாலும் குடியிருந்த மனைக்கட்டாலும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தனர். வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கப்பட்டன. இவற்றை எதிர்த்து 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் உழவுத் தொழிலாளர் ஒன்றுதிரண்டனர். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே பிறப்பிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது என்பதே அங்கு நிலவிய வாழ்வின் தன்மையை உணர்த்தப் போதுமானது.

அக்காலத்துச் சொற்களும் ஆராயத்தக்கவை. களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட உரிமைப் பங்கிற்குச் 'சுதந்திரம்' என்று பெயர் இருந்தது. நாடெங்கும் பின்னாளில் முழங்கிய அச்சொல், கிராமத்துக் களத்தில் சில மரக்கால் நெல்லையே குறித்தது. அந்தப் பங்கும் பிறப்பால் வாய்த்த தொழிலைச் செய்துகொண்டிருக்கும் வரையில்தான் கிடைத்தது.

கிராம ஒற்றுமையின் அடையாளமாக இன்று போற்றப்படும் குடிமராமத்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றை ஊரார் ஒன்றுகூடித் தூர்வாரி, கரையை உயர்த்தும் வழக்கம் அது. ஊர் தன் நீரைத் தானே காத்துக்கொண்ட அவ்வழக்கம் உயர்ந்ததே. ஆயினும் கரையில் நின்று மேற்பார்வை செய்தவர் யார், சேற்றில் இறங்கிக் கூடை சுமந்தவர் யார் என்னும் கேள்வி அங்கேயும் எழுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. ஊரார் விரும்பிச் செய்ததாகச் சொல்லப்படும் பணியைச் சட்டத்தின் துணைகொண்டு செய்விக்க நேர்ந்தது என்றால், அவ்விருப்பம் அனைவருக்கும் உரியதாக இருந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

இந்த மறுபக்கத்தின் மிகக் கொடிய நாள் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆகும். நெற்கூலியை உயர்த்திக் கேட்டதன் தொடர்பாக மூண்ட பகையில், கீழவெண்மணி என்னும் சிற்றூரில் குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்திருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' என்னும் புதினம் இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. 1977-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது. மடுமுழுங்கியும் குழியடிச்சானும் விளைந்த அதே கடைமடையில்தான் இத்தீயும் எரிந்தது. அந்த மண்ணின் மரபைப் பேசுவோர் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அறமாகாது.

புது விதையும் பழைய வினாவும்

பழைய கிராமம் கொடியது என்றால் அதன் விதையையும் சேர்த்தே எறிந்துவிடலாமே என்று கருதுவோர் உளர். வரலாறு ஒருவகையில் அதைச் செய்தும் பார்த்தது. 1960-களில் இந்தியா உணவுப் பற்றாக்குறையால் வாடியபோது, தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தின் களமாயிற்று. ஆடுதுறை ஆய்வு நிலையத்திலிருந்து வந்த ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலக் குறுவை நெல்லும், பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும் வயல்களில் பரவின. உரமும் நீரும் தந்தால் அவை முன்னிலும் மிகுதியாக விளைந்தன. கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கி நின்ற நாட்டுக்கு அவ்விளைச்சல் பெருந்துணையாயிற்று. பசித்தவனுக்குச் சோறு கிடைத்ததைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

எனினும் இரண்டு உண்மைகளை மறக்கலாகாது. முதலாவது, புது விதையும் பழைய விதையின் பிள்ளையே. ஐ.ஆர். 20 என்னும் நெல்லின் பெற்றோருள் ஒன்று தமிழகத்தின் திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 ஆகும். தண்டுத் துளைப்பானை எதிர்க்கும் ஆற்றலுக்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த டி.கே.எம். 6-இன் வழியோ, கிச்சிலிச் சம்பா என மக்கள் அறிந்த ஜி.இ.பி. 24 என்னும் நெல்லுக்குச் செல்கிறது. தாயைப் புறக்கணித்தவர்கள் அடுத்த பிள்ளைக்கு எங்கே போவார்கள்? நாளை ஒரு புதுப் பூச்சியோ புது நோயோ வருமாயின், அதை எதிர்க்கும் ஆற்றலை எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பழைய நெல்லில்தான் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. விதை மாறியதனால் நீதி விளைந்துவிடவில்லை. கீழவெண்மணியில் தீ எரிந்த ஆண்டு, ஐ.ஆர். 8 வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆன 1968. விளைச்சல் பெருகத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான், பெருகியதில் தங்கள் பங்கு எங்கே என்று உழைத்தவர்கள் கேட்டனர். பழைய நெல் விலங்கைப் பூட்டவுமில்லை. புது நெல் அதைக் கழற்றவுமில்லை. பூட்டியவர்களும் கழற்றப் போராடியவர்களும் மனிதர்களே. ஆகவே, விலங்கின் குற்றத்தை விதையின்மேல் சுமத்தி அதை எறிவது பிழை. விதையின் பெருமையைக் காட்டி விலங்கை மறைப்பதும் பிழை.

பிரிக்க முடியுமா?

இங்கே அறிவுடையோர் எழுப்பும் தடையொன்று உண்டு. மரபு என்பது ஒரு முழு உடல்; அதில் வேண்டியதை வெட்டி எடுத்து, வேண்டாததை விலக்க இயலாது என்பர் அவர்கள். நடவுப் பாட்டின் இனிமை குனிந்த முதுகிலிருந்து பிறந்தது. முதுகு நிமிர்ந்தால் பாட்டும் நின்றுவிடும். ஆறு மாதம் காத்திருந்து குறைந்த விளைச்சல் தரும் நெல்லைப் பயிரிட முடிந்தது, கூலி குறைவாக இருந்ததனால்தான். நேர்மையான கூலி கொடுத்தால் அந்த நெல் கட்டுப்படியாகாது. இவ்வாறு அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால், விதையைக் காத்த உழவனின் செயலை உற்று நோக்கினால் இத்தடைக்கு விடை கிடைக்கும். விதைநெல் என்பது விளைந்ததையெல்லாம் அப்படியே அள்ளி வைப்பதன்று. கதிர் விளையும்போதே உழவன் வயலில் இறங்கி, இனம் மாறி வளர்ந்த கலவன்களைக் களைந்துவிடுவான். நோயில்லாத, செழித்த பகுதியைத் தனியே அறுப்பான். களத்தில் அடித்த நெல்லைக் காற்றில் தூற்றுவான். பதர் பறந்து போகும், மணி காலடியில் விழும். பின்னர் வெயிலில் காயவைத்துக் கோட்டையில் கட்டி வைப்பான். அவ்வாறு வைத்ததையும் நெடுங்காலம் வைத்திருக்க முடியாது. ஓராண்டு, ஈராண்டு கடந்தால் முளைக்கும் திறன் குன்றும். ஆகவே மறுபருவத்தில் அதை மண்ணில் இட்டே ஆக வேண்டும். மீண்டும் கலவன் களைந்தே ஆக வேண்டும்.

காத்தல் என்பதன் இலக்கணம் இதுவே. பிலிப்பைன்சு நெல் ஆய்வு நிலையத்தின் குளிர்க் கிடங்கில் உலகெங்கிலுமிருந்து திரட்டப்பட்ட 100,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. அது போற்றத்தக்க பணி. ஆயினும் எந்த வயலில் எப்போது அதை விதைப்பது என்னும் அறிவைக் குளிர்க் கிடங்கில் வைக்க இயலாது. அது செய்வோரின் கைகளில்தான் உயிர்வாழும். செய்யும் கைகள் ஒவ்வொரு பருவத்திலும் களையவும் செய்கின்றன, தேர்ந்தெடுக்கவும் செய்கின்றன. களையாமல் காத்த விதை எதுவும் இல்லை. அவ்வாறிருக்க, மரபை மட்டும் களையாமல் அப்படியே காக்க வேண்டும் என்பது உழவனின் முறைக்கே மாறானதாகும்.

பிரிக்க முடியும் என்பதற்கு அதே கடைமடையில் நடந்த ஒரு முயற்சி சான்றாக நிற்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழாவை நடத்திவந்தவர் 'நெல்' ஜெயராமன். ஊர் ஊராகச் சென்று 170-க்கும் மேற்பட்ட பழைய நெல்வகைகளைத் தேடிச் சேர்த்த அவர் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். அவ்விழாவுக்கு வரும் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் கொடுக்கப்படும். பெற்றுச் சென்றவர் அதை விளைவித்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் வடிவம் புதியதன்று. நெல்லைக் கடனாகக் கொடுத்து, விளைந்தபின் கூடுதலாகத் திரும்பப் பெறுவது கிராமத்தின் பழைய வழக்கமே. பண்ணையாளைப் பண்ணையோடு பிணைத்த கயிறுகளுள் கடனும் ஒன்றாக இருந்தது. அங்கே கூடுதலாக வந்த நெல் கொடுத்தவனின் பத்தாயத்தில் சேர்ந்தது. இங்கே கூடுதலாக வரும் நெல் அடுத்து வந்து நிற்கும் உழவர்களின் கைக்குச் செல்கிறது. கொடுப்பதும் கொள்வதும் ஒன்றாகவே தோன்றினும், ஒன்று கட்டிப்போட்டது. மற்றொன்று பரவச் செய்தது. பழைய பழக்கத்தின் உள்ளிருந்தே அதன் நஞ்சை நீக்கிவிட முடியும் என்பதை இந்த 2 கிலோ நெல் மெய்ப்பித்துவிட்டது.

யார் சொல்வது?

இனி எஞ்சுவது இரண்டாம் வினா. எது விதை, எது விலங்கு என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?

இவ்வினாவுக்குப் பறையின் வரலாறு ஒரு விளக்கமாக அமைகிறது. கிராமத்தில் செய்தி அறிவிக்கவும் திருவிழாவிலும் இழவிலும் ஒலித்த தோற்கருவி அது. அதை முழக்குவது ஒரு பிரிவினர்மேல் பிறப்பால் சுமத்தப்பட்ட கடமையாயிற்று. கருவியின் பெயரே அவர்களை இழித்துரைக்கும் பெயருமாயிற்று. எனவே, இனிப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் அம்மக்கள் அதைக் கைவிட்டனர். பின்வந்த காலத்தில் அதே சமூகத்து இளைஞர்கள் சிலர், அதைத் தங்கள் விடுதலையின் ஒலியாக மீண்டும் கையிலெடுத்தனர். இன்று மேடைகளில் ஆணும் பெண்ணும் பெருமிதத்தோடு பறை முழக்குகின்றனர். இவ்விருவருள் யார் செய்தது சரி? இருவர் செய்ததும் சரியே. ஏனெனில், விட்டவர்களும் எடுத்தவர்களும் அதைச் சுமந்தவர்கள். மாறாக, பழம்பெருமை கெட்டுவிடும் என்று சொல்லி, அடிக்க விரும்பாதவனை அடிக்கச் சொல்லும் உரிமை கேட்டு மகிழ்ந்தவனுக்கு ஒருபோதும் இல்லை.

மரபைச் சுமந்தவர்க்கே அதைப் பற்றிச் சொல்லும் முதல் உரிமை என்னும் இவ்விதியை உழவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். இன்று பழைய நெல்லின் அரிசி நகரத்துக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. அந்த விலையில் எத்துணைப் பங்கு நாற்று நட்ட பெண்ணின் கைக்குச் செல்கிறது என்று வாங்குவோர் கேட்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் கடைமடையின் நடவு வேலைக்கு மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். உள்ளூர் இளைஞர் வயலை விட்டு நீங்கியதைக் குறித்து வருந்துவோர், அவ்விளைஞரின் தாய் தந்தையர் அந்த வயலில் என்ன பெற்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் காண அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவன் சேற்றில் நிற்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

அவ்வாறாயின் காப்போர் கடமை என்ன? சுமையில் பங்கேற்பதே. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே நீர்நிலைப் பணிகளைத் தொடங்கியது. 2020-இல் காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் மண்டலத்தைப் பாதுகாப்பது எளிது. அதில் உழைப்பவரின் வாழ்வைப் பாதுகாப்பதே கடினம். நிலத்தில் உரிமை, உழைப்புக்கேற்ற கூலி, களத்தில் சம மதிப்பு ஆகிய மூன்றும் வாய்க்குமிடத்தில் மரபைக் காக்குமாறு எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தன்னுடையது என்று உணர்ந்த பொருளை மனிதன் தானே காப்பான்.

இதற்கு எதிராக இன்னொரு தடை எழலாம். கொடியதைக் களைந்துவிட்டு நல்லதை மட்டும் காத்தால், காலப்போக்கில் கொடுமை நடந்ததே மறந்துபோகாதா? விலங்கில்லாத விதைக்கண்காட்சி ஒரு பொய்யான பொற்காலத்தைக் காட்டாதா? இது பொருளுடைய அச்சமே. அதனால்தான், பழக்கமாகக் காக்கத் தகாததை நினைவாகக் காக்க வேண்டியிருக்கிறது. தொழுமரத்தை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. ஆனால், முக்கூடற் பள்ளிலிருந்து அப்பகுதியை நீக்கவும் கூடாது. வயலில் கலவனைக் களைந்த உழவன், அது எப்படியிருக்கும் என்பதை மறந்துவிடுவதில்லை. மறந்தால் அடுத்த பருவத்தில் அவனால் அதை அடையாளம் காண இயலாது.

கடல் கடந்தோரின் சான்று

இவ்வினாக்கள் தமிழகத்தோடு முடிவன அல்ல. நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற கப்பல்களில் ஏறியவர் பலர், இத்தகைய கிராமங்களை விட்டு வந்தவர்களே. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910-இல் அம்முறை நிறுத்தப்பட்டபின் கங்காணிகள் வழியாகவும் அவர்கள் வந்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அந்த வரவு தொடர்ந்தது. வறட்சியும் கடனும் அவர்களைத் துரத்தின. அவற்றோடு சாதியின் கொடுமையும் பலரைத் துரத்தியது. கங்காணியின் பொய்யுரைகளை நம்பி ஏமாந்தவரும் உண்டு. ஆயினும் தொழுமரத்தின் நிழலிலிருந்து எப்படியாவது தப்ப வேண்டும் என்று எண்ணிக் கப்பலேறியவரும் இருந்தனர்.

அவர்கள் எதைக் கொண்டுவந்தனர்? வயலைக் கொண்டுவர இயலவில்லை. ஆயினும் நெல் விளையாத இரப்பர்த் தோட்டத்தில் தைத்திங்கள் முதல் நாளன்று பொங்கல் வைத்தனர். கும்மியும் தாலாட்டும் மாரியம்மன் திருவிழாவும் அவர்களோடு வந்தன. அதே வேளையில், சாதி வேற்றுமையும் சில தோட்டங்களில் லயங்களுக்கிடையே வந்து குடியேறியது என்பதை மறைப்பதற்கில்லை. பின்வந்த தலைமுறையினர் கல்வியாலும் சங்கங்களாலும் சீர்திருத்தக் கருத்துகளாலும் அதைக் களைய முயன்றனர்; பொங்கலையோ விடாது காத்தனர். ஒரு மரபில் நல்லதை எடுத்து, தீயதைத் தள்ள இயலாது என்று சொல்வோர்க்கு இம்மக்களின் வாழ்வே மறுமொழியாகும். அந்தக் களையெடுப்பு முழுமையாக முடிந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அம்மக்களின் பேரர்கள் வானூர்தியில் சென்று மூதாதையர் ஊரைத் தேடிக் காண்கின்றனர். பச்சை வயலும் பழைய கோவிலும் குளக்கரையும் அவர்கள் கண்ணை நிறைக்கின்றன. இத்துணை அழகிய ஊரை விட்டுத் தாத்தா ஏன் வந்தார் என்று அவர்கள் வியப்பதுண்டு. அந்த வியப்பை அங்கேயே நிறுத்திவிடாமல், உண்மையான கேள்வியாக மாற்றுவது ஆசிரியர்தம் கடமையாகும். விடை தேடும் மாணவன் நெல்லின் பெயர்களையும் அறிவான், தொழுமரத்தையும் அறிவான். இரண்டையும் அறிந்தவன்தான் எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவன்.

மரபைப் போற்றும் பாடம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அப்பாடத்தில் மாணவரின் முன்னே ஒரு பிடி நெல்லை வைத்து, அதைப் பழந்தமிழர் பெருமை என்று மட்டும் கூறி முடிப்பது எளிது. அதை விளைவித்தவன் பெயரில்லாமல் மறைந்ததையும், அவன் கேட்ட கூலி எத்துணைக் காலம் மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறுவது கடினம். எனினும், அக்கடினமான பாடத்தைக் கேட்டு வளரும் மாணவனே நாளை அந்த நெல்லை உரியவர் கையில் ஒப்படைப்பான். விதையைக் காத்தவனுக்கு அவ்விதையின்மேல் உள்ள உரிமையை ஏற்றுக்கொள்வதே மரபுக்குச் செய்யும் முதல் மரியாதை. அதைச் செய்தபின் வைக்கும் பொங்கல்தான் எல்லாருக்கும் பொங்கலாகும்.